விலை ஏன் இறங்குகிறது? சீனப் பொருளாதாரத்தின் முன்னாலுள்ள சவால்கள்

சில வாரங்களுக்கு முன் ஒரு நாள் பின்னேரம், எங்கள் தெருவில் புதிதாகக் கடை போட்டிருக்கும் இளைஞர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். கையில் சீனத் தொழிற்சாலை ஒன்றின் விலைப்பட்டியல் இருந்தது.

"நானா, போன வருஷத்தை விட நூற்றுக்கு இருபது குறைத்துத் தாறான். மூன்று கொள்கலன் எடுக்கலாம் என்று யோசிக்கிறேன். கொஞ்சம் கடன்பட வேண்டி வரும். என்ன சொல்றீங்க?"

"விலை குறைந்தது சரி மகன். ஏன் குறைந்தது என்று கேட்டீங்களா?"

"ஏன் குறைந்தால் என்ன நானா, குறைந்தால் நமக்கு நல்லதுதானே?"

அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில் நீண்டுவிட்டது. பேசி முடிப்பதற்குள் தேத்தண்ணி இரண்டு தடவை வந்து போனது. அதே கேள்வி புறக்கோட்டையில் இன்னும் பலருடைய மனதில் இருக்கும் என்பதால் அந்தப் பதிலை இங்கே எழுதுகிறேன். நான் பொருளியல் படித்தவனல்ல. பாடசாலைப் படிப்போடு கடைக்கு வந்தவன். ஆனால் இருபது வருடங்களுக்கு மேலாகச் சாமான் எடுக்கச் சீனாவுக்குப் போய் வருகிறேன். பத்திரிகையில் படிப்பதையும் அங்கே கண்ணால் காண்பதையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு.

உயர்ந்த கதை

முதலில் சீனா எப்படி உயர்ந்தது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1978 டிசம்பரில் டெங் சியாவோபிங்கின் தலைமையில் கம்யூனிஸ்ட் கட்சி பொருளாதாரக் கதவைத் திறக்க முடிவு செய்தது. 1980இல் ஷென்சென் விசேட பொருளாதார வலயமாகியது. 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. அதன் பின்னர்தான் உலகச் சந்தை முழுவதும் அந்நாட்டுக்குத் திறந்தது. 2010இல் ஜப்பானை முந்தி உலகின் இரண்டாவது பெரிய பொருளாதாரமாக மாறியது.

முப்பது வருடங்களுக்கும் மேலாக ஆண்டுக்குச் சராசரியாக 9 வீதத்துக்கு மேல் வளர்ந்த நாடு அது. 2007ஆம் ஆண்டில் மட்டும் 14 வீதத்தைத் தாண்டியது. கிட்டத்தட்ட 800 மில்லியன் மக்கள் கடும் வறுமையிலிருந்து மீண்டார்கள் என்று உலக வங்கி சொல்கிறது. மனித வரலாற்றில் இப்படியொன்று இவ்வளவு குறுகிய காலத்தில் வேறெங்கும் நடக்கவில்லை. இதை மறந்துவிட்டுச் சீனாவின் குறைகளை மட்டும் பேசுவது நியாயமல்ல.

2024இல் வளர்ச்சி 5 வீதம் என்று சீன அரசு அறிவித்தது. எந்த நாட்டுக்கும் அது நல்ல வளர்ச்சிதான். அப்படியானால் பிரச்சினை எங்கே இருக்கிறது? பொருள் செய்வதில் பிரச்சினை இல்லை. செய்த பொருளை வாங்குவதற்கு உள்நாட்டில் போதிய கை இல்லை என்பதே பிரச்சினை. இன்று சீனப் பொருளாதாரம் எதிர்நோக்கும் சவால்களில் பெரும்பாலானவை இந்த ஓர் இடத்தில்தான் வந்து சேர்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கட்டி முடியாத வீடுகள்

யீவூ சந்தையில் எனக்குப் பல வருடங்களாக மொழிபெயர்ப்பாளராகவும் முகவராகவும் வேலை செய்யும் ஒரு பெண்மணி இருக்கிறார். நேர்மையானவர், சுறுசுறுப்பானவர். 2020இல் தன் சொந்த மாகாணத்தில் தொடர்மாடி வீடொன்றுக்குப் பணம் கட்டினார். பெற்றோரின் சேமிப்பும் அதில் போனது. மீதிக்கு வங்கிக் கடன். 2023இல் நான் மீண்டும் யீவூ போனபோது, வீடு எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன். கைத்தொலைபேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். ஜன்னல் இல்லாத கொங்கிறீட் கூடு. பாரந்தூக்கி அசையாமல் நிற்கிறது. "மாதத் தவணை மட்டும் தவறாமல் போகிறது" என்றார்.

இது அவருக்கு மட்டும் நடந்ததல்ல. சீனாவில் வீடு விற்கும் முறையே அப்படித்தான் இருந்தது. கட்டி முடிக்கும் முன்பே வீட்டை விற்றுவிடுவார்கள். வாங்குபவர் முழுப்பணத்தையும், வங்கிக் கடனையும் சேர்த்து, முன்கூட்டியே கொடுத்துவிடுவார். கம்பனி அந்தப் பணத்தைக் கொண்டு அடுத்த காணியை வாங்கும். அந்தக் காணியில் கட்டப்போகும் வீடுகளையும் விற்கும். அந்தப் பணத்தில்தான் முதல் கட்டடத்தின் வேலை நடக்கும். விலை ஏறிக்கொண்டும் ஆட்கள் வந்துகொண்டும் இருக்கும் வரைக்கும் இந்தச் சக்கரம் சுற்றும். வருபவர் நின்றால் சக்கரமும் நின்றுவிடும்.

2020 ஓகஸ்டில் சீன அரசு, கட்டட நிறுவனங்கள் அளவுக்கு மீறிக் கடன் வாங்குவதைக் கட்டுப்படுத்த மூன்று வரையறைகளை விதித்தது. எண்ணம் சரியானதே. ஆனால் கடனில் ஓடிக்கொண்டிருந்த வண்டிக்குத் திடீரென பிரேக் போட்டது போலாயிற்று. 1996இல் குவாங்சோவில் தொடங்கப்பட்ட எவர்கிராண்ட் நிறுவனம் நாட்டின் 280க்கும் மேற்பட்ட நகரங்களில் வீடு கட்டிக்கொண்டிருந்தது. அதன் பொறுப்புகள் 300 பில்லியன் டொலருக்கும் அதிகம். 2021 டிசம்பரில் அது கடன் தவணையைக் கட்டத் தவறியதாக அறிவிக்கப்பட்டது. 2024 ஜனவரியில் ஹொங்கொங் நீதிமன்றம் அதைக் கலைக்க உத்தரவிட்டது. 2025 ஓகஸ்டில் ஹொங்கொங் பங்குச் சந்தையிலிருந்து அதன் பெயர் நீக்கப்பட்டது. இன்னொரு பெரும் நிறுவனமான கன்ட்ரி கார்டனும் 2023இல் இதே நிலைக்கு வந்தது. 2022இல் பல நகரங்களில் வீடு கிடைக்காதவர்கள் ஒன்றுசேர்ந்து, வீட்டை முடித்துத் தரும் வரை வங்கித் தவணை கட்டமாட்டோம் என்று அறிவித்தார்கள்.

2021இல் சீனாவில் விற்பனையான புதிய கட்டடப் பரப்பு சுமார் 1.79 பில்லியன் சதுர மீற்றர். 2024இல் அது ஒரு பில்லியனுக்கும் கீழே போய்விட்டது. வீட்டு வியாபாரம் படுத்தால் சீமெந்து, இரும்பு, பெயின்ற், ஓடு, தளபாடம், மின்சாதனம் அத்தனையும் படுக்கும். இத்தொழில்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் அவை ஒரு காலத்தில் நாட்டின் உற்பத்தியில் நாலில் ஒரு பங்களவு இருந்தன என்று பொருளியலாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். இதைவிட முக்கியமானது வேறொன்று. சீனக் குடும்பங்களின் செல்வத்தில் பாதிக்கும் மேல் வீட்டில்தான் இருக்கிறது. வீட்டின் விலை இறங்கும்போது, சம்பளம் குறையாவிட்டாலும், தான் ஏழையாகிவிட்டோம் என்ற பயம் மனிதனுக்கு வருகிறது. பயந்தவன் செலவழிக்கமாட்டான்.

காணி விற்று நடத்திய நகரங்கள்

இதோடு சேர்ந்த இன்னொரு சிக்கல் உள்ளூர் அரசுகளின் கடன். 1994இல் கொண்டுவந்த வரிச் சீர்திருத்தத்தின்படி வருமானத்தின் பெரும்பங்கு மத்திய அரசுக்குப் போனது. பாடசாலை, வைத்தியசாலை, வீதி போன்ற செலவுகளோ மாகாணங்கள், நகரங்களின் தலையில் நின்றன. சீனாவில் நகரக் காணி அரசுக்குச் சொந்தம். வீட்டுக்கென்றால் 70 வருட பாவனை உரிமையைத்தான் விற்பார்கள். ஆகவே நகர நிர்வாகங்கள் காணி உரிமையைக் கட்டட நிறுவனங்களுக்கு விற்றே காலத்தை ஓட்டின. போதாததற்குத் தனிக் கம்பனிகளை உருவாக்கி, அவற்றின் பெயரில் கடனும் வாங்கின.

2021இல் காணி விற்பனையால் கிடைத்த வருமானம் சுமார் 8.7 ட்ரில்லியன் யுவான். 2024இல் அது 5 ட்ரில்லியனுக்கும் கீழே விழுந்தது. மூன்று வருடத்தில் வருமானத்தில் பத்தில் நாலு பங்கு போய்விட்டால் எந்தக் கடைதான் தாங்கும்? சில இடங்களில் ஊழியர்களுக்குச் சம்பளம் தாமதமானது. ஒப்பந்தக்காரர்களின் பில்கள் தேங்கின. 2024 நவம்பரில் மத்திய அரசு 10 ட்ரில்லியன் யுவான் அளவிலான திட்டமொன்றை அறிவித்து, மறைவான கடன்களை நீண்ட காலக் கடனாக மாற்றிக்கொள்ள வழி செய்தது. கடன் மறையவில்லை. அடைக்கும் காலம்தான் நீண்டிருக்கிறது.

செலவழிக்கத் தயங்கும் குடும்பங்கள்

ஒரு நாட்டில் உற்பத்தியாகும் மொத்தப் பெறுமதியில் குடும்பங்கள் செலவழிக்கும் பங்கு எவ்வளவு என்று பார்ப்பது ஒரு நல்ல அளவுகோல். அமெரிக்காவில் அது மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல். சீனாவில் 40 வீதத்தை ஒட்டியே இருக்கிறது. மீதி எங்கே போகிறது? தொழிற்சாலை, வீதி, ரயில், கட்டடம் ஆகியவற்றிலும் ஏற்றுமதியிலும் போகிறது.

சீனர்கள் கஞ்சர்கள் என்று நம்மில் சிலர் கேலியாகச் சொல்வதுண்டு. அது தவறு. அவர்கள் சேமிப்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன. கிராமத்து முதியவருக்குக் கிடைக்கும் ஓய்வூதியம் மாதம் சுமார் 200 யுவான் அளவில்தான் இருக்கிறது. பெரிய வருத்தம் வந்தால் வைத்தியச் செலவின் கணிசமான பங்கைச் சொந்தக் கையால் கொடுக்க வேண்டும். ஊரை விட்டு நகரத்துக்கு வேலைக்கு வந்த சுமார் 300 மில்லியன் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். "ஹுகோவ்" எனப்படும் குடிப்பதிவு முறையின் காரணமாக, வேலை செய்யும் நகரத்தின் பாடசாலை, சுகாதார வசதிகளை அவர்களில் பலர் முழுமையாக அனுபவிக்க முடியாது. நாளைக்கு யார் கைகொடுப்பார் என்று தெரியாதவன் இன்றைக்கு எப்படித் தாராளமாகச் செலவழிப்பான்? 2022ஆம் ஆண்டில் மட்டும் சீனக் குடும்பங்கள் வங்கியில் வைத்திருக்கும் பணம் 17 ட்ரில்லியன் யுவானுக்கும் மேல் அதிகரித்தது.

அந்த மொழிபெயர்ப்பாளர் பெண்மணியும் இதைத்தான் என்னிடம் சொன்னார். வருமானம் முன்னரைப் போலவே வருகிறது, ஆனால் கையை விட்டுக் காசு போக மனம் இடம் கொடுப்பதில்லை என்றார். மகளின் சங்கீத வகுப்பை நிறுத்திவிட்டார். பழைய கைத்தொலைபேசியையே வைத்திருக்கிறார். அவரைப் போன்ற பல மில்லியன் பேர் ஒரே நேரத்தில் கையை இறுக்கினால் கடைகளுக்கு என்ன நடக்கும் என்பதை வியாபாரிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அரசாங்கம் இதை அறியாமலில்லை. பழைய குளிர்சாதனப் பெட்டி, காரைக் கொடுத்துப் புதியது வாங்குபவர்களுக்கு மானியம் தரும் திட்டத்துக்கு 2024இல் 150 பில்லியன் யுவானும் 2025இல் 300 பில்லியன் யுவானும் ஒதுக்கியது. விற்பனை கொஞ்சம் கூடியது. ஆனால் இன்று மானியத்தில் குளிர்சாதனப் பெட்டி வாங்கியவர் அடுத்த வருடமும் ஒன்று வாங்கப் போவதில்லை. நிலையான வழி, மக்களின் வருமானத்தையும் சமூகப் பாதுகாப்பையும் உயர்த்துவதே. 2025 ஒக்டோபரில் கூடிய கட்சியின் மத்திய குழு, 2026 முதல் 2030 வரையான ஐந்தாண்டுத் திட்டத்தில் குடும்ப நுகர்வின் பங்கைக் குறிப்பிடத்தக்க அளவு உயர்த்த வேண்டும் என்று தீர்மானித்தது. ஆனாலும், அளவுக்கு மீறி உதவி செய்தால் மக்கள் சோம்பேறிகளாகிவிடுவார்கள் என்ற எண்ணம் மேல்மட்டத்தில் இருக்கிறது. ஜனாதிபதி ஷி ஜின்பிங் 2021இல் ஆற்றிய உரையொன்றிலும் அப்படி எச்சரித்தார். காசைத் தொழிற்சாலைக்குக் கொடுப்பதா, குடும்பத்துக்குக் கொடுப்பதா என்று வரும்போது, பழக்கப்பட்ட கை தொழிற்சாலைப் பக்கமே போகிறது.

விலைப் போட்டி

இப்போது அந்த இளைஞரின் விலைப்பட்டியலுக்கு வருவோம். வீட்டுத் துறையில் போட முடியாத முதலீட்டை வங்கிகளும் உள்ளூர் அரசுகளும் தொழிற்சாலைகளின் பக்கம் திருப்பின. மின்சாரக் கார், மின்கலம், சூரியத் தகடு என ஒவ்வொரு மாகாணமும் ஒரே தொழிலுக்குச் சலுகை கொடுத்தது. சூரியத் தகடு உற்பத்தியில் உலகின் 80 வீதத்துக்கும் மேல் இன்று சீனாவின் கையில் இருக்கிறது. பொருள் குவிந்தது. வாங்குபவர் கூடவில்லை. விலையைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

2025 மே மாதத்தில் மின்சாரக் கார் உற்பத்தியில் முன்னணி வகிக்கும் பிவைடி நிறுவனம் சில கார்களின் விலையை 34 வீதம் வரை குறைத்தது. மற்றவர்களும் பின்னால் போனார்கள். சீனாவில் தொழிற்சாலை வாசல் விலைகள் 2022 ஒக்டோபரில் இறங்கத் தொடங்கி மூன்று வருடங்களுக்கும் மேலாக இறங்குமுகமாகவே இருந்தன. கடைவிலையோ 2023, 2024 ஆகிய இரண்டு வருடங்களிலும் 0.2 வீதம்தான் ஏறியது. ஓடி ஓடி உழைத்தும் யாரும் முன்னேறாத இந்தப் போட்டியைச் சீனர்கள் "நெய்ஜுவான்" என்று அழைக்கிறார்கள்.

விலை இறங்குவதால் என்ன கெடுதி என்று கேட்கலாம். ஒரு குடை வியாபாரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1,000 குடை விற்றால் அடையும் கடன் அவருக்கு இருக்கிறது. குடையின் விலை நூற்றுக்கு இருபது இறங்கினால் அதே கடனை அடைக்க 1,250 குடை விற்க வேண்டும். கடன் கூடவில்லை, ஆனால் பாரம் கூடிவிட்டது. இலாபம் இல்லாத முதலாளி சம்பளம் கூட்டமாட்டார். சம்பளம் கூடாத தொழிலாளி வாங்கமாட்டார். வாங்காவிட்டால் விலை மேலும் இறங்கும். பணச்சுருக்கம் என்பது இதுதான். வெளியே வர மிகவும் கடினமான குழி இது.

இந்தக் குழிக்குள் என் காசும் கொஞ்சம் விழுந்தது. 2022இல் டொலர் இல்லாமல் நாம் பட்டபாடு தெரியும். இறக்குமதித் தடைகள் தளர்ந்த பிறகு, 2023 கடைசியில், யீவூவுக்குப் பக்கத்திலுள்ள யொங்காங் நகரத்துத் தொழிற்சாலை ஒன்றுக்கு வெந்நீர் ப்ளாஸ்க் ஓடர் கொடுத்தேன். அந்த ஊர் இரும்புச் சாமானுக்கும் ப்ளாஸ்க்குக்கும் பேர் போனது. மூன்று இடங்களில் விலை கேட்டதில் ஆகக் குறைந்த விலை அவர்களுடையது. நூற்றுக்கு முப்பது முற்பணம் அனுப்பினேன். சீனப் புத்தாண்டுக்குப் பிறகு கப்பலேற்றுவதாகச் சொன்னார்கள். புத்தாண்டு முடிந்தது. பதில் இல்லை. முகவர் பெண்மணி நேரில் போய்ப் பார்த்தார். வாசலில் பூட்டு. வெளியே சம்பள பாக்கிக்காகக் காத்திருந்த தொழிலாளர்கள்.

பிறகுதான் விடயம் தெரிந்தது. அடக்கவிலைக்கும் கீழே விற்று, புதிய ஓடரின் முற்பணத்தைக் கொண்டு பழைய ஓடரை முடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வர வேண்டிய காசை உள்ளூரில் வாங்கியவர்கள் மாதக்கணக்கில் இழுத்தடித்திருக்கிறார்கள். எவர்கிராண்ட் பெரிய அளவில் செய்ததை இந்தத் தொழிற்சாலை சின்ன அளவில் செய்திருக்கிறது. ஆகக் குறைந்த விலையைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட நான், அந்த விலையே ஓர் எச்சரிக்கை என்பதைக் காணவில்லை. முற்பணம் திரும்பி வரவில்லை. அந்த வாசலில் நின்ற தொழிலாளர்களின் இழப்போடு ஒப்பிட்டால் என்னுடையது பெரிதல்ல என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

சீன அரசு இதைக் கட்டுப்படுத்த முயல்கிறது. பெரிய நிறுவனங்கள் சிறு வியாபாரிகளுக்கு 60 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்ற விதியை 2025 ஜூனிலிருந்து இறுக்கியது. இணையச் சந்தை நிறுவனங்கள் கடைக்காரர்களை அடக்கவிலைக்குக் கீழே விற்குமாறு கட்டாயப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் அதே வருடம் ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இருந்தாலும் நட்டத்தில் ஓடும் தொழிற்சாலையை மூடினால் வேலை போகும், வரி போகும். ஆகவே தன் ஊர்த் தொழிற்சாலை மூடப்படுவதை எந்த உள்ளூர் அதிகாரியும் விரும்புவதில்லை.

மூடப்படும் வெளிக்கதவுகள்

உள்ளே விற்காததை வெளியே விற்கலாம். சீனா அதைத்தான் செய்தது. ஏற்றுமதிக்கும் இறக்குமதிக்கும் இடையிலான உபரி 2024இல் 990 பில்லியன் டொலரைத் தாண்டியது. 2025இல் ஒரு ட்ரில்லியன் டொலரையும் கடந்தது. ஆனால் ஒருவர் விற்றுக்கொண்டே இருந்தால் மற்றவர்களின் தொழிற்சாலைகள் என்ன செய்வது?

2018இல் ட்ரம்ப் தொடங்கிய தீர்வைப் போர் 2025 ஏப்ரலில் உச்சத்துக்குப் போனது. சீனப் பொருட்களுக்கு அமெரிக்கா 145 வீதமும், அமெரிக்கப் பொருட்களுக்குச் சீனா 125 வீதமும் தீர்வை விதித்தன. மே மாதத்தில் ஜெனீவாவில் பேசி இரண்டு பக்கமும் பெருமளவு குறைத்துக்கொண்டார்கள். ஆனால் ஓர் இரவில் 145க்குப் போகக்கூடிய சந்தையை நம்பி எந்த முதலாளி புதிய இயந்திரம் வாங்குவார்? மேற்கு நாடுகள் மட்டும்தான் கதவைச் சாத்துகின்றன என்றும் இல்லை. சீனக் கார்களுக்குத் துருக்கி 2024இல் 40 வீத மேலதிகத் தீர்வை போட்டது. அதே வருடம் ஐரோப்பிய ஒன்றியமும் சீன மின்சாரக் கார்களுக்கு மேலதிகத் தீர்வை விதித்தது. உயர்ரக கணினிச் சில்லுகளையும் அவற்றைச் செய்யும் இயந்திரங்களையும் சீனாவுக்கு விற்க 2022 ஒக்டோபரில் அமெரிக்கா விதித்த கட்டுப்பாடு இன்னொரு தடை.

முதுமையும் வேலையில்லாப் பிள்ளைகளும்

மற்ற எல்லாவற்றையும் விட மெதுவாக வருவதும், திருப்ப முடியாததும் மக்கள்தொகைப் பிரச்சினை. சுமார் 1980இலிருந்து 2015 வரை ஒரு பிள்ளைக் கொள்கை இருந்தது. 2016இல் இரண்டு, 2021இல் மூன்று பிள்ளைகளுக்கு அனுமதி வந்தது. அதற்குள் மக்களின் மனம் மாறிவிட்டது. 2016இல் சுமார் 18 மில்லியன் பிள்ளைகள் பிறந்தார்கள். 2023இல் 9 மில்லியன் மட்டுமே. 2022இல், 1961க்குப் பிறகு முதல் தடவையாக, நாட்டின் சனத்தொகை குறைந்தது. 2024 முடிவில் 60 வயதைக் கடந்தவர்கள் 310 மில்லியன் பேர். 2025 ஜனவரியிலிருந்து ஓய்வு பெறும் வயதைப் படிப்படியாக உயர்த்தத் தொடங்கினார்கள். ஆண்களுக்கு 60 என்றிருந்தது 15 வருடத்தில் 63 ஆகும்.

வீட்டு வியாபாரத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. கல்யாணம் குறைந்து, பிள்ளைப்பேறும் குறைந்தால் புதிய வீடு யாருக்கு?

முதியோர் கூடும் அதே வேளையில் படித்த பிள்ளைகளுக்கு வேலை இல்லை என்பது இன்னொரு வேதனை. 2023 ஜூனில் நகர இளைஞர்களில் வேலையில்லாதோர் 21.3 வீதம். அதற்குப் பிறகு சில மாதங்கள் அந்தக் கணக்கை வெளியிடுவதையே நிறுத்தி, மாணவர்களைக் கழித்துப் புதிய முறையில் வெளியிட்டார்கள். 2025இல் பல்கலைக்கழகம் முடித்து வெளியேறியவர்கள் 12 மில்லியனுக்கும் மேல். பொறியியல் படித்தவர் மோட்டார் சைக்கிளில் சாப்பாடு விநியோகிப்பதை நானே கண்டிருக்கிறேன்.

விழுந்துவிடுமா?

சீனா நாளைக்கே விழப்போகிறது என்று சிலர் வருடா வருடம் எழுதுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பெரிய வங்கிகள் அரசின் கையில் இருக்கின்றன. கடனில் பெரும்பகுதி சொந்த நாணயத்தில், சொந்த மக்களிடம் வாங்கியது. நாம் 2022இல் பட்டது டொலர் கடன். அவர்களிடமோ 3 ட்ரில்லியன் டொலருக்கு மேல் வெளிநாட்டு ஒதுக்கு இருக்கிறது. 2024 முடிவில் அதிவேக ரயில் பாதை 48,000 கிலோமீற்றர். மின்சாரக் காரில் இன்று உலகமே அவர்களைப் பார்த்துப் படிக்கிறது.

என் பயம் வேறு. 1990களில் ஜப்பானில் காணி, வீட்டு விலை சரிந்த பிறகு அந்நாடு பல வருடங்கள் தேங்கி நின்றது. ஆனால் ஜப்பான் அப்போது பணக்கார நாடு. சீனாவில் தலா வருமானம் இன்னும் 13,000 டொலரை ஒட்டியே இருக்கிறது. பணக்காரராகும் முன் முதுமை வந்தால் அந்தப் பாரம் யாருடைய தோளில் ஏறும் என்பதே கேள்வி. அது அந்த மொழிபெயர்ப்பாளர் பெண்மணியின் தோளிலும், அவருடைய ஒரே மகளின் தோளிலும்தான் ஏறும்.

நமக்கு இதில் என்ன?

அந்த இளைஞருக்கு நான் சொன்னதை இங்கும் சொல்கிறேன். நூற்றுக்கு இருபது விலை குறைந்தது அந்தத் தொழிற்சாலை நன்றாக நடப்பதற்கு அடையாளமாகவும் இருக்கலாம், மூச்சுத் திணறுவதற்கு அடையாளமாகவும் இருக்கலாம். புதிய இயந்திரம் போட்டதால் குறைந்ததா, காசு சுற்றுவதற்காகக் குறைத்தார்களா என்று முகவர் மூலம் விசாரியுங்கள். தொழிலாளர்களுக்குச் சம்பளம் ஒழுங்காகப் போகிறதா என்பதே நல்ல அறிகுறி. மற்றவர்களை விட மிகவும் குறைத்துச் சொல்பவருக்கு முற்பணத்தையும் மிகவும் குறைவாகவே கொடுங்கள். முடிந்தால் வங்கியின் நாணயக் கடிதம் மூலம் வாங்குங்கள். கப்பலேற்றும் முன் சாமானை யாரையாவது அனுப்பிப் பாருங்கள். இலாபம் இல்லாத தொழிற்சாலை முதலில் கைவைப்பது தகட்டின் கனத்தில்தான்.

இன்னொன்று, கடன்பட்டுச் சாமானைக் குவிக்காதீர்கள். விலை இறங்கும் காலத்தில் களஞ்சியத்திலுள்ள சரக்கு பனிக்கட்டி போன்றது. இன்று நீங்கள் நூற்றுக்கு இருபது குறைத்து வாங்கினால், ஆறு மாதத்தில் பக்கத்துக் கடைக்காரர் முப்பது குறைத்து வாங்குவார். சரக்கின் விலை கரையும், வங்கியின் வட்டி கரையாது.

இளைஞர் விலைப்பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கடைசியில் மூன்றுக்குப் பதிலாக ஒரு கொள்கலனே எடுத்தார். முற்பணம் நூற்றுக்குப் பத்து. அதற்குச் சம்மதிக்காத முதல் தொழிற்சாலையை விட்டுவிட்டு, கொஞ்சம் விலை கூடிய இரண்டாவது இடத்தில் எடுத்ததாகச் சொன்னார். சாமான் வந்து சேர்ந்துவிட்டது, நன்றாகவும் இருக்கிறது.

போன வாரம் யீவூவிலிருந்து அந்தப் பெண்மணி பேசினார். கட்டடத்தில் வேலை மறுபடி தொடங்கியிருக்கிறதாம். அரசாங்கம் பணம் கொடுத்து முடிக்கச் சொல்லியிருக்கிறதாம். ஜன்னல் போட்டுவிட்டார்கள், மின்தூக்கி இன்னும் இல்லை என்றார். வீடு கிடைத்ததும் முதலில் என்ன வாங்குவீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, இப்போதைக்கு ஒன்றும் வாங்கமாட்டேன் என்றார்.